நகராட்சியில் வேலை நடக்கணுமா? கூட்டத்துக்கு முன்னாடியே போங்கள்

சின்ன ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு முதல் மழையிலேயே நகராட்சி நினைப்பு வந்துவிடும். வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர், அதில் மிதக்கும் ஒற்றைச் செருப்பு. எதிர்வீட்டு அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு "கவுன்சிலர்கிட்டச் சொல்லணும்" என்பார், இன்னொருவர் "சொல்லி என்ன ஆகப்போகுது" என்பார், அதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும். எங்கள் தெருவிலும் நாலு வருஷம் இப்படித்தான் போனது. அப்புறம் ஒருவழியாக வடிகால் வந்தது. வந்த வடிகாலில் தண்ணீர் ஓடவில்லை, நின்றது. ஏன் நிற்கிறது என்று துருவிக்கொண்டு போனபோதுதான், நகராட்சியில் ஒரு முடிவு எந்த மேஜையில், எந்த நாளில் ஆகிறது என்று எனக்கு விளங்க ஆரம்பித்தது.

மன்றக் கூட்டம் நடக்கும் நாளுக்குள் முக்கால்வாசி முடிவு ஆகிவிட்டிருக்கும். அதனால் கீழே எழுதியிருப்பதில் பெரும்பகுதி கூட்டத்துக்கு முந்தைய வாரங்களைப் பற்றித்தான். தமிழ்நாட்டு நகராட்சியை வைத்து எழுதுகிறேன். நீங்கள் இருப்பது பேரூராட்சி என்றால் ஆணையருக்குப் பதில் செயல் அலுவலர் இருப்பார், மாநகராட்சி என்றால் தலைவருக்குப் பதில் மேயரும் நடுவில் மண்டலம் என்று ஓர் அடுக்கும் இருக்கும். மற்றபடி சங்கதி ஒன்றுதான்.

முதல் வேலை: அது நகராட்சி வேலைதானா?

இதில்தான் புதியவர்கள் மாதக்கணக்கில் அலைகிறார்கள். ஊருக்குள் இருக்கும் எல்லா ரோடும் நகராட்சி ரோடு அல்ல. பஸ் போகும் மெயின் ரோடு பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறையுடையது, அதன் ஓரத்து வடிகாலும் பல இடங்களில் அவர்களுடையதே. ரோட்டோரக் கிலோமீட்டர் கல்லின் தலையில் மஞ்சள் அடித்திருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. தெருவிளக்கில் பல்பு எரியவில்லை என்றால் நகராட்சி, கம்பம் சாய்ந்திருந்தாலோ கம்பி தொங்கினாலோ மின்வாரியம். பட்டா, நில அளவை எல்லாம் தாலுகா ஆபீஸ். கூட்டுக் குடிநீர்த் திட்டம் உள்ள ஊரில் ஆற்றிலிருந்து தண்ணீரை ஊர்வரை கொண்டுவருவது பெரும்பாலும் குடிநீர் வடிகால் வாரியம், தொட்டியிலிருந்து உங்கள் தெருக் குழாய்க்கு விடுவது நகராட்சி. ஒரு வாரமாகத் தண்ணீர் வரவில்லை என்றால் ஆணையரைப் பார்ப்பதற்கு முன் தண்ணீர் திறந்துவிடுகிற டேங்க் ஆபரேட்டரிடம் கேளுங்கள், எங்கே குழாய் உடைந்திருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

புது மனைப்பிரிவில் வீடு வாங்கியவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. லே-அவுட் போட்டவர் தெருக்களைத் தானப் பத்திரம் எழுதி நகராட்சிக்கு ஒப்படைத்திருக்க வேண்டும். ஒப்படைக்காத தெரு காகிதத்தில் தனியார் நிலம், அதில் நகராட்சிப் பணத்தில் ரோடு போட முடியாது என்று ஆபீசில் கைவிரித்துவிடுவார்கள், அப்படிச் சொல்வதில் தப்பும் இல்லை. அங்கீகாரமே இல்லாத மனை என்றால் 2017-இல் வந்த வரன்முறைத் திட்டத்தில் அந்தப் பிரிவு வரன்முறை செய்யப்பட்டதா என்று நகரமைப்புப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளுக்காக வந்த திட்டம் அது. இந்தக் காகிதம் சரியாகாமல் நீங்கள் எத்தனை மனு கொடுத்தாலும் மனு மட்டும்தான் சேரும்.

யாருக்கு என்ன அதிகாரம்

மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது வார்டு கவுன்சிலரை மட்டும்தான். இப்போதைய மன்றங்களுக்கு 2022 பிப்ரவரி 19 அன்று தேர்தல் நடந்தது. கவுன்சிலர்கள் மார்ச் 2 பதவியேற்று, மார்ச் 4 அன்று தங்களுக்குள் ஓட்டுப் போட்டுத் தலைவரையும் துணைத் தலைவரையும் தேர்ந்தெடுத்தார்கள். 2011-இல் தலைவரை நாமே நேரடியாகத் தேர்ந்தெடுத்தோம், இப்போது அப்படி இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், தலைவர் நாற்காலி கவுன்சிலர்களின் ஆதரவில் நிற்கிறது, அதனால் ஒவ்வொரு கவுன்சிலருடைய வார்டுக்கும் ஏதாவது கொடுத்தே ஆகவேண்டிய கட்டாயம் தலைவருக்கு இருக்கிறது. உங்கள் கவுன்சிலர் எதிர்க்கட்சியாக இருந்தாலும் இந்தக் கணக்கு கொஞ்சம் உதவும்.

2016 அக்டோபரில் முந்தைய மன்றங்களின் காலம் முடிந்தபின் 2022 வரை கவுன்சிலரே கிடையாது, தனி அலுவலர்கள்தான் நடத்தினார்கள். ஆபீசில் பழைய ஆட்கள் சிலர் அந்த நாட்களை ஏக்கத்தோடு பேசுவதை இன்றும் கேட்கலாம்.

நிர்வாகம் ஆணையர் கையில். அவர் அரசு அதிகாரி, மன்றக் கூட்டத்தில் உட்காருவார், விளக்கம் சொல்வார், ஓட்டுப் போட மாட்டார். அவருக்குக் கீழே பொறியியல், சுகாதாரம், நகரமைப்பு, வருவாய், பொது என்று பிரிவுகள். மன்றத்துக்குள்ளேயே நியமனக் குழு, ஒப்பந்தக் குழு, வரி மேல்முறையீட்டுக் குழு என்று சிறு குழுக்கள் உண்டு. உங்கள் வீட்டு வரி அநியாயமாகப் போட்டிருக்கிறது என்று தோன்றினால் அந்த மூன்றாவது குழு உங்களுக்கானது. அப்படி ஒரு குழு இருப்பது ஊரில் பலருக்கும் தெரியாது.

இத்தனை பேர் இருந்தாலும் உங்கள் தெரு வேலையைப் பொறுத்தவரை நீங்கள் பெயர் தெரிந்து வைத்திருக்க வேண்டியவர்கள் இரண்டே பேர். ஒருவர் கவுன்சிலர். இன்னொருவர் உங்கள் வார்டைப் பார்க்கும் ஓவர்சியர் அல்லது உதவிப் பொறியாளர். ஆணையர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

கவுன்சிலரைப் பற்றி ஒரு விஷயம். 2016-இல் சட்டம் திருத்தி, உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு என்று ஆக்கினார்கள். ஆனால் நீங்கள் பெண் கவுன்சிலர் நம்பருக்குப் போன் போட்டால் "கவுன்சிலர்தாங்க பேசுறேன், சொல்லுங்க" என்று ஆண் குரல் வரும். வீட்டுக்காரர். அவரிடம் பேச வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பேசுங்கள், ஊர் நடப்பு அப்படி இருக்கிறது. ஆனால் மனுவை அந்த அக்கா கையில் கொடுங்கள், அவர் பெயருக்கு எழுதுங்கள், தெருவுக்கு அவரையே வரச் சொல்லுங்கள். எங்கள் வார்டில் முதல் வருஷம் கூட்டத்தில் வாயே திறக்காத அக்கா, குடிநீர் விஷயத்தில் பெண்கள் நாலு பேர் நேரடியாக அவரிடமே போய்ப் பேசிய பிறகு, அடுத்த கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்டார். நகராட்சிக் கவுன்சிலருக்கு மாத மதிப்பூதியம் 5,000 ரூபாய், அதுவும் 2023-இல்தான் வந்தது. அவர்களிடம் பேசும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மனுவை இப்படி எழுதுங்கள்

"எங்கள் பகுதியில் சாக்கடை வசதி இல்லாமல் பொதுமக்கள் மிகுந்த சிரமத்துக்கு ஆளாகி வருகிறோம், ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்." இப்படித்தான் எல்லாரும் எழுதுகிறார்கள், நானும் எழுதியிருக்கிறேன். இதை வைத்து ஓவர்சியர் ஒன்றும் செய்ய முடியாது, எந்த இடம் என்றே அவருக்குத் தெரியாது.

இப்படி எழுதிப் பாருங்கள்: "17ஆவது வார்டு, பிள்ளையார் கோயில் தெரு, கதவு எண் 12 முதல் 31 வரை, வடக்குப் பக்கம், சுமார் 90 மீட்டர் நீளத்துக்கு வடிகால் இல்லை. 24ஆம் எண் வீட்டின் முன் மழைநீர் இரண்டு நாள் நிற்கிறது. தண்ணீர் சேரவேண்டிய பெரிய வாய்க்கால் தெருவின் கிழக்கு முனையில் உள்ளது." இவ்வளவு போதும். பக்கத்து மின்கம்பத்தில் பெயின்ட்டில் எழுதியிருக்கும் எண்ணையும் சேர்த்துவிடுங்கள், இடத்தைக் கண்டுபிடிக்க அது ரொம்ப உதவும். தண்ணீர் நிற்கும்போது எடுத்த போட்டோ ஒன்று. கையெழுத்துப் போடுகிறவர்கள் பெயருக்குப் பக்கத்தில் கதவு எண்ணும் சொத்து வரி விதிப்பு எண்ணும் எழுதட்டும், வரி கட்டுகிறவர்கள் கேட்கிறார்கள் என்று பார்த்த உடனே தெரியும்.

மூன்று பிரதி எடுங்கள். ஒன்று ஆணையருக்கு, ஒன்று கவுன்சிலருக்கு, மூன்றாவதில் தபால் பிரிவில் சீல் போட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். சீல் இல்லாத மனு கொடுக்காத மனு. பத்து நாள் கழித்துப் போய் அது எந்த ஃபைலாக ஆகியிருக்கிறது என்று கேட்டு அந்த ஃபைலின் எண்ணை, அதாவது ந.க.எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணின் கடைசியில் ஆங்கில எழுத்து ஒன்று வரும், இ என்றால் பொறியியல், எச் என்றால் சுகாதாரம், எந்த மேஜைக்குப் போய் நிற்கவேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடும். ந.க.எண் இல்லாமல் "அன்னைக்கு ஒரு மனு கொடுத்தேனே சார்" என்று போனால் அன்றைய பொழுது போச்சு.

அளக்க வருகிற நாள்தான் முக்கியமான நாள்

நான் தவறவிட்டது இதைத்தான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

மனு பொறியியல் பிரிவுக்குப் போனபின், ஏதோ ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல் ஓவர்சியர் டேப்போடு தெருவுக்கு வருவார். நீளம், அகலம், எத்தனை வீட்டு வாசலுக்குச் சிலாப் போடவேண்டும் என்றெல்லாம் எடுத்துக்கொண்டு போவார். அதை வைத்துத்தான் மதிப்பீடு தயாராகும். மதிப்பீட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் டெண்டரில் வரும், டெண்டரில் இருப்பதைத்தான் காண்டிராக்டர் கட்டுவார். மன்றம் அனுமதிப்பது அந்தத் தொகையையும் வேலையின் பெயரையும். ஆழம் எவ்வளவு, வாட்டம் எந்தப் பக்கம் என்று மன்றத்தில் ஒருவரும் கேட்கப் போவதில்லை.

எங்கள் தெருவுக்கு அவர் வந்தது ஒரு மதியம் இரண்டு மணிக்கு. தெருவில் இருந்தது இஸ்திரி வண்டிக்காரரும் நானும். "வடிகால் வருதா சார்?" என்று கேட்டேன், "ஆமா, எஸ்டிமேட் போடுறோம்" என்றார், சந்தோஷமாக உள்ளே போய் ஃபேன் போட்டுப் படுத்துவிட்டேன். எட்டு மாதம் கழித்து வடிகால் முடிந்தது, முதல் மழையில் குளம் மாதிரி நின்றது. பக்கத்துத் தெருக் கொத்தனார் தண்ணீர் நிரப்பிய டியூபை இரண்டு முனையிலும் பிடித்துக் காட்டினார்: சேருமிடத்தில் எங்கள் வடிகாலின் அடி, பெரிய வாய்க்காலின் அடியைவிட நாலு விரல் கீழே இருக்கிறது. மேட்டுக்குத் தண்ணீர் எப்படி ஏறும்? காண்டிராக்டரைத் திட்டினோம். அவர் மதிப்பீட்டு நகலைக் காட்டினார், அதில் இருந்தபடிதான் கட்டியிருந்தார்.

அதனால் ஓவர்சியரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: "சார், அளக்க வரும்போது ஒரு போன் பண்ணுங்க, நாங்க இருக்கோம்." வரும்போது தெருவில் விஷயம் தெரிந்த ஒருவர், கொத்தனாரோ ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைக்காரரோ, கூட நிற்கட்டும். கேட்கவேண்டியவை கொஞ்சம்தான். தண்ணீர் எங்கே போய்ச் சேர்கிறது? அந்த இடத்தின் லெவல் எடுத்தாச்சா? ரோடு பின்னால் உயரப் போகிறதா? பாதாளச் சாக்கடையோ குடிநீர்க் குழாயோ இதே தெருவில் வரப்போகிறதா? கடைசிக் கேள்வியை மறக்காதீர்கள். ரோடு போட்ட மறுமாதம் குழி தோண்டுவது நம் ஊர்களில் புதிதல்ல, அது பெரும்பாலும் இரண்டு திட்டம் இரண்டு ஃபைலில் ஒன்றையொன்று பார்க்காமல் நடப்பதால் வருவது.

காசு எந்தப் பையிலிருந்து?

மதிப்பீடு போட்டாயிற்று என்றால் அடுத்துக் கேட்கவேண்டியது: எந்த நிதி? நகராட்சியின் பொது நிதி என்றால் சொத்து வரி, தொழில் வரி, பஸ் ஸ்டாண்டு கடை வாடகை, சந்தைக் குத்தகை இவற்றில் வந்த பணம். சின்ன நகராட்சியில் சம்பளமும் மின்கட்டணமும் போக இதில் மிஞ்சுவது சொற்பம். மற்றபடி மாநில நிதிக்குழு மானியம், மத்திய நிதிக்குழு மானியம், கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம், அம்ருத், தூய்மை இந்தியா என்று ஒவ்வொன்றும் தனிப் பை. குடிநீருக்கு வந்த பணத்தில் ரோடு போட முடியாது. "பணம் இல்லைங்க" என்று சொன்னால் "எந்தத் தலைப்பில் இல்லை?" என்று கேளுங்கள், பேச்சு வேறு மாதிரி போகும்.

நகராட்சிக்கு வெளியேயும் இரண்டு பைகள் உண்டு. சட்டமன்ற உறுப்பினருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. சிறுபாலம், ரேஷன் கடைக் கட்டடம் மாதிரி வேலைகள் பல ஊர்களில் இதிலிருந்துதான் நடக்கின்றன. அப்புறம் நமக்கு நாமே திட்டம்: மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்களோ ஊரில் வசதியுள்ளவர்களோ கட்டினால் மீதியை அரசு போடும். பூங்கா, பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர், சுடுகாட்டுக் கொட்டகைக்கு நல்ல வழி. தெரு வடிகாலுக்குத் தெருக்காரர்களிடம் வசூல் செய்ய எனக்கு மனம் ஒப்பாது, வரி கட்டியது அதற்குத்தானே.

வரி என்றதும் ஒன்று. சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு முறை. ஏப்ரலிலும் அக்டோபரிலும், அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் கழிவு உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை. 2022-இல் வரியை வீட்டின் அளவைப் பொறுத்து 25-லிருந்து 100 சதவீதம் வரை உயர்த்தியபோது, பல மன்றங்களில் கவுன்சிலர்கள் கத்தினார்கள், ஆனால் அது மாநில அரசு எடுத்த முடிவு, மன்றம் தீர்மானம் போட்டு ஏற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழி பெரிதாக இருக்கவில்லை. நகராட்சிகளுக்கு அதிகாரம் கொடுக்க 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்து முப்பது வருஷம் தாண்டியும் நகராட்சியின் கயிறு எவ்வளவு நீளம் என்று தெரிந்துகொள்ள இது நல்ல உதாரணம். கவுன்சிலரைக் குறை சொல்லும் முன் அந்தக் கயிற்றையும் பாருங்கள்.

அஜெண்டாவைப் படிக்கும் முறை

மன்றம் மாதத்துக்கு ஒரு முறையாவது கூடவேண்டும். சாதாரணக் கூட்டம் என்றால் சில நாள் முன்னதாகக் கவுன்சிலர்களுக்கு அஜெண்டா வந்துவிடும், அவசரக் கூட்டம் என்றால் திடீரென்று. கவுன்சிலரிடம் கேட்டால் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அனுப்ப மறுத்தால் வேறு கவுன்சிலரிடம் கேளுங்கள், யாராவது ஒருவர் கொடுப்பார்.

ஒரு பொருள் எப்படி இருக்கும் தெரியுமா? "17ஆவது வார்டு பிள்ளையார் கோயில் தெருவில் கான்கிரீட் வடிகால் அமைக்கும் பணிக்கு ரூ. 9.80 இலட்சத்துக்கு மதிப்பீடு தயாரிக்கப்பட்டுள்ளது. மேற்படி செலவினத்தைப் பொது நிதியில் மேற்கொள்ள மன்றத்தின் அனுமதிக்கு." அதற்குக் கீழே "அலுவலகக் குறிப்பு: மன்றம் அனுமதிக்கலாம்." இப்படி அறுபது எழுபது பொருள். முதல் பத்துப் பக்கம் பிறப்பு இறப்புப் பதிவு, மோட்டார் ரிப்பேர், பிளீச்சிங் பவுடர் வாங்கியது என்று போகும், தள்ளிவிடலாம்.

நிறுத்திப் படிக்கவேண்டிய சொற்கள் உண்டு. "அனுமதிக்கு" என்றால் இனிமேல்தான் செய்யப் போகிறார்கள், தடுக்கவோ மாற்றவோ இன்னும் இடம் இருக்கிறது. "பார்வைக்கு" என்றால் சும்மா தகவல். "தலைவரின் முன் அனுமதி பெற்று மேற்கொள்ளப்பட்டது, மன்றத்தின் பின்னேற்புக்கு" என்றால் வேலை முடிந்துவிட்டது, பில் வரப்போகிறது. குழாய் உடைந்தால் ஒரு மாதம் காத்திருக்க முடியாது, அதற்காக வைத்த வழி இது, தப்பில்லை. ஆனால் ஒரே மோட்டார் மாதாமாதம் பின்னேற்புக்கு வந்தால் கவுன்சிலரிடம் சொல்லிக் கேட்க வையுங்கள். அதேபோல "ஒப்பந்தப்புள்ளி ஏற்பு" என்று ஒரு பொருள் வந்தால் டெண்டர் ஏற்கெனவே முடிந்து யாருக்கு வேலை என்று தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

உங்கள் தெரு அஜெண்டாவில் இருந்தால் பணியின் பெயரை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். "பிள்ளையார் கோயில் தெரு" என்பதும் "பிள்ளையார் கோயில் மேலத்தெரு" என்பதும் வேறு வேறு. கூட்டத்துக்கு முன் சொன்னால் பேனாவால் திருத்திவிடலாம், அதன் பிறகு என்றால் திருத்தத் தீர்மானம், இன்னொரு மாதம்.

கூட்டம் நடக்கிற அன்று

போய்ப் பாருங்கள், ஒரு தடவையாவது. பார்வையாளராக உட்காரலாம், பேச முடியாது. சில ஊரில் வாசலில் "எதுக்கு வந்தீங்க?" என்பார்கள், "எங்க வார்டு பொருள் வருது, பார்க்க வந்தோம்" என்று சொல்லி உட்காருங்கள். நான் பார்த்த முதல் கூட்டத்தில் முதல் நாற்பது நிமிஷம் வாக்குவாதம், வெளிநடப்பு, டீ, போண்டா. அதன்பின் அலுவலர் ஒருவர் பொருள் எண்களை வேகமாக வாசிக்க, மேஜையைத் தட்டத் தட்ட, ஐம்பதுக்கு மேற்பட்ட தீர்மானங்கள் பத்து நிமிஷத்தில் நிறைவேறின. எங்கள் வடிகாலும் அந்தத் தட்டலில் ஒன்று. எனக்கு அன்று கோபம் வந்தது. இப்போது அப்படி இல்லை, விவாதம் அந்த ஹாலில் நடக்கவில்லையே தவிர, நடக்காமல் இல்லை. வார்டு வாரியாக யாருக்கு எவ்வளவு என்று முந்தின வாரமே தலைவர் அறையில் பேசி முடித்திருப்பார்கள். உங்கள் கவுன்சிலர் அங்கே பேச உங்கள் மனு கையில் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

டெண்டரும் பணி ஆணையும்

தீர்மானம் வந்துவிட்டால் வேலை வந்துவிட்டதாக நினைத்து ஸ்வீட் வாங்காதீர்கள். நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், ஒப்பந்தம், பணி ஆணை என்று வரிசையாக இருக்கிறது. தொகை பெரிதானால் மண்டல இயக்குநருக்கோ சென்னைக்கோ ஃபைல் போகும். தமிழ்நாட்டில் டெண்டருக்கென்றே 1998-இல் வெளிப்படைத்தன்மைச் சட்டம் போட்டிருக்கிறார்கள், 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டர் என்றால் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தரவேண்டும். அறிவிப்பு அரசின் டெண்டர் இணையதளத்திலும் ஆபீஸ் பலகையிலும் இருக்கும். இதற்கு நடுவே தேர்தல் நடத்தை விதி அமலுக்கு வந்துவிட்டால் புதுப் பணி ஆணை வராது, மார்ச் ஏப்ரலில் தேர்தல் வரும் வருஷமாக இருந்தால் அதற்கு முன்பே பணி ஆணை வாங்கிவிடச் சொல்லிக் கவுன்சிலரை நச்சரியுங்கள்.

பணி ஆணை வந்ததும் அதன் நகலையும் மதிப்பீட்டு நகலையும் கையில் வையுங்கள். சும்மா கேட்டாலே கொடுக்கிற நல்ல ஆபீஸ்கள் இருக்கின்றன. கொடுக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டம். வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள், 30 நாளில் பதில் வரவேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. "ஏன் செய்யவில்லை?" என்று கேள்வி கேட்காதீர்கள், காரணம் சொல்ல அந்தச் சட்டத்தில் கட்டாயம் இல்லை என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். "ந.க.எண் இன்னதில் உள்ள மதிப்பீடு, மன்றத் தீர்மானம், பணி ஆணை, அளவுப் புத்தகப் பக்கங்களின் நகல் தரவும்" என்று ஆவணத்தைக் கேளுங்கள். அளவுப் புத்தகம் முக்கியம். எத்தனை மீட்டர் கட்டியதாகச் சொல்லிப் பில் போட்டார்கள் என்று அதில் இருக்கும், தெருவில் டேப் பிடித்துப் பார்த்துவிடலாம்.

பகுதி சபை

கிராமசபை மாதிரி நகரத்துக்கும் வேண்டும் என்று ரொம்ப நாள் கேட்டு, 2022-இல் விதிகள் வந்தன. ஒவ்வொரு வார்டையும் சில பகுதிகளாகப் பிரித்து, அந்தப் பகுதி வாக்காளர்கள் எல்லாரும் பகுதி சபையில் உட்காரலாம் என்று ஏற்பாடு. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதல் கூட்டங்கள் நடந்தன, தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் முதலமைச்சர் ஸ்டாலினே உட்கார்ந்தார். பேப்பரில் படிக்க நன்றாக இருந்தது. எங்கள் ஊரில் பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, இருபது பேர் வந்தோம், அதில் பன்னிரண்டு பேர் நகராட்சி ஊழியர்கள்.

இருந்தாலும் போங்கள். ஒரே காரணம்தான்: அங்கே சொல்வது நோட்டில் ஏறும். நீங்கள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறார்களா என்று வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பட்ஜெட் ஏப்ரலுக்கு முன் முடிந்துவிடும் என்பதால், அதற்கு முந்தைய மாதங்களில் நடக்கிற சபையில் சொல்வதற்குக் கொஞ்சம் கூடுதல் பலன் உண்டு.

ஒன்றும் அசையவில்லை என்றால்

கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள், 1100 என்ற முதல்வர் உதவி எண், இரண்டும் தெரிந்ததுதான். அங்கே போனாலும் மனு சுற்றிவந்து அதே பொறியியல் பிரிவில்தான் விழும், ஆனால் பதில் சொல்லவேண்டிய தேதியோடு விழும். பண முறைகேடு என்று கையில் காகிதம் இருந்தால் சென்னையில் உள்ளாட்சி முறைமன்ற நடுவம் என்று ஓர் அமைப்பு இருக்கிறது, 2014 சட்டத்தில் வந்தது, உள்ளாட்சி அமைப்புகள் மீதான புகார்களை விசாரிக்கவே ஏற்பட்டது. கையில் காகிதம் இல்லாமல், கோபத்தில் மட்டும் அங்கே எழுதாதீர்கள். தெருவில் உட்கார்ந்து மறியல் செய்தால் உடனே நடக்கும் என்பார்கள். நடக்கும், ஒரு லோடு கிராவல் கொட்டுவார்கள்.

எங்கள் வடிகாலுக்கு இந்த முறை கிழக்கு முனையில் முப்பது மீட்டரை உடைத்து, அடியை உயர்த்திக் கட்டுவதற்குத் தனி மதிப்பீடு. அளக்க வருவதற்கு முந்தின நாள் ஓவர்சியர் போன் செய்தார். டியூபோடு கொத்தனாரும், குடையோடு எதிர்வீட்டு அண்ணனும், மூன்று அக்காக்களும் தெருமுனையில் நின்றோம். சேருமிடத்தில் டியூபைப் பிடித்துக் காட்டியபோது அவர் குனிந்து பார்த்து, நோட்டில் எழுதிக்கொண்டே, "போன தடவை நான் வந்தப்போ இதைச் சொல்ல ஒரு ஆள் இல்லையே சார்" என்றார். இஸ்திரி வண்டிக்காரர் என்னைப் பார்த்தார்.